என் மகள் 'வேணாம்' என்றபோது 'சரி' என்றவர்களுக்கு

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையின் சிறுநீரக வார்டு சிஸ்டர்களுக்கும், டாக்டரம்மாவுக்கும், ஆயாம்மாவுக்கும், பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் வியாசர்பாடியிலிருந்து வணக்கம்.

வீடு திரும்பி 11 நாளாகிறது. மகளின் முகவீக்கம் நன்றாக வடிந்துவிட்டது. தினமும் காலையில் சிறுநீரைச் சோதித்து நோட்டில் எழுதுகிறேன். நான்கு நாளாக அதில் புரதம் துளியும் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை 6 வாரம் தினமும், அப்புறம் 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதனால் பசி அடங்கவில்லை. உப்பைக் குறைத்ததால் ஊறுகாய் கேட்டுத் தினமும் சண்டை.

உங்களிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் காட்டினோம். 'வலிக்காது பாப்பா' என்று சொல்லி, என்னை வெளியே நிறுத்திவிட்டு, மூன்று பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டார்கள். அதிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டாலே நடுங்குவாள். ஊசியைவிட அந்தப் பொய்தான் அவளை அதிகம் மிரட்டிவிட்டது என்று நினைக்கிறேன்.

உங்கள் வார்டு சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து, "வலிக்கும்டா. பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும். எந்தக் கையில போடட்டும்?" என்று கேட்டார். இடது கையை நீட்டினாள். மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசிக்குழாயைப் போட்டு முடிக்கும்வரை என் மடியில்தான் இருந்தாள். எட்டிலேயே முடிந்துவிட்டது. மீதி இரண்டையும் விடாமல் எண்ணினாள்!

ஆராய்ச்சிக்காகக் கூடுதலாகக் கொஞ்சம் ரத்தம் கேட்டபோது நான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். டாக்டர் கேட்டு மாட்டேன் என்று சொல்ல எங்களைப் போன்றவர்களுக்கு வாய் வருமா? டாக்டரம்மாதான் தடுத்தார். "இருங்கம்மா, அவளுக்கு எட்டு வயசு. அவளையும் கேக்கணும்." அப்புறம் என் தம்பி செல்போனில் தேடிக் காட்டினான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையிலேயே இருக்கிறது: பெற்றோர் கையெழுத்தோடு, 7 முதல் 12 வயதுவரை குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும் வேண்டும், அதற்கு மேல் 18வரை எழுத்தில். இவ்வளவு நாள் இது எனக்குத் தெரியாது.

மகள் 'வேணாம்' என்றாள். எனக்குத் தர்மசங்கடம். டாக்டரம்மா "சரிடா" என்று தாளை மடித்து வைத்துவிட்டார். இனி எப்படிப் பார்ப்பார்களோ என்று அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் ரவுண்ட்ஸில் அதே சிரிப்பு, அதே கவனிப்பு.

பொம்மை கொடுக்க வந்தவர்கள் குழந்தைகளை நிற்கவைத்துப் படம் எடுக்கப் போனபோது, "அம்மாவையும் பிள்ளையையும் கேட்டீங்களா?" என்று நிறுத்திய சிஸ்டருக்கும் நன்றி. வீங்கிய முகத்தோடு படத்தில் வர அவளுக்கு இஷ்டமில்லை. அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை.

ஆயாம்மா, ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் கொண்டுவந்த வெந்நீரை மறக்கமாட்டேன்.

பக்கத்துக் கட்டில் அம்மா, உங்கள் எவர்சில்வர் தட்டு எங்கள் பையோடு வந்துவிட்டது. அடுத்த செக்கப்புக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.