கவுன்சிலர் மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே கேட்டீர்கள்: “மேயருன்னா குப்பை அள்ளணும், தண்ணி விடணும். ஆம்பளையும் ஆம்பளையும் கட்டிக்கிறதுல அவருக்கு என்னடா சோலி?” அத்தை சாப்பிடக் கூப்பிட்டதால் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். சோலி இருந்தது மாமா.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து சான் பிரான்சிஸ்கோவில் நகரமும் மாவட்டமும் ஒரே நிர்வாகம். நாம் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசுக்குப் போகிற வேலை அங்கே நகர மன்றத்திலேயே நடக்கும். 2004 பிப்ரவரியில், பதவியேற்று ஐந்து வாரம்கூட முழுதாக ஆகாத மேயர் கேவின் நியூசம், ஒரே பாலினத்தவருக்கும் கல்யாண லைசென்ஸ் கொடுக்கச் சொல்லிவிட்டார். முதல் ஜோடி டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லயனும். இரண்டு பாட்டிகள், ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஒரு மாதத்தில் சுமார் 4,000 ஜோடிகள். ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தனையும் செல்லாது என்றது. அந்த வருஷம் ஜனாதிபதி தேர்தலில் அவருடைய ஜனநாயகக் கட்சி தோற்றதும், இந்த ஆளால்தான் என்று சொந்தக் கட்சிக்காரர்களே சிலர் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர் கவர்னரானது வேறு கதை.

செல்லாத கல்யாணம் என்றதும் எனக்கு தாத்தா ஞாபகம்தான் வந்தது. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர். 1967-ல் அண்ணா சட்டம் கொண்டுவரும் வரை அதுவும் கோர்ட்டில் நிற்காத கல்யாணம்தான். உங்களைப் பெற்ற கல்யாணம், மாமா!

எனக்குப் பிடித்தவர் அதே மாநிலத்தில் சான் டியேகோ நகர மேயராக இருந்த ஜெரி சாண்டர்ஸ். பழைய போலீஸ் அதிகாரி, குடியரசுக் கட்சிக்காரர். 2007-ல் இந்தக் கல்யாணங்களை ஆதரித்து நகர மன்றம் தீர்மானம் போட்டது. ரத்து செய்யப்போவதாக சொல்லியிருந்தவர், பத்திரிகைக்காரர்கள் முன் குரல் உடைந்து, ‘கையெழுத்துப் போடுகிறேன்’ என்றார். மகள் பெண்ணை நேசிப்பவள். அலுவலகத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து ‘உங்கள் உறவு மட்டம்’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறு வருஷம் தேர்தல். ஜெயித்தார்.

நீங்கள் காற்றுப் பார்க்கத் தெரிந்தவர். கச்சான் காற்று அடித்தால் படகை வடகடலுக்கு மாற்றிவிடுவீர்கள். ஓட்டுக் கணக்கும் அப்படித்தான் போடுகிறீர்கள். போன தடவை ஜெயித்தது சொற்ப ஓட்டில், எனக்கும் தெரியும். சரி, உங்களிடம் லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸ் இல்லை. 2023 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றமும், இந்தக் கல்யாணத்துக்குச் சட்டம் போடுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. மேடையேறிப் பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் வார்டில் கருவாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குடியிருக்கும் அந்த இரண்டு பெண்களைப் பற்றித்தான் கேட்கிறேன். அண்ணன்மார் மறுபடி கார் எடுத்துக்கொண்டு வந்து “பேசிப் பிரிச்சு விடுங்க” என்பார்கள். போன முறை நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். இனி அந்தப் பஞ்சாயத்தே வேண்டாம். காணவில்லை என்று புகார் வந்தாலும், இருவரும் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் தொந்தரவு செய்யாமல் முடித்துவிட வேண்டும் என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் போலீசுக்கே சொல்லியிருக்கிறது. போலீசுக்கே இல்லாத வேலை கவுன்சிலருக்கு எதற்கு?

அப்புறம், அவர்கள் குழாய் இணைப்புக்குக் கொடுத்த மனு உங்கள் மேஜையில் மொய் நோட்டுக்கு அடியில் கிடந்தது. பார்த்தேன்.

உங்கள் மருமகன்