களிமண் தரையில் தோற்றால் கோச் மேல் பழியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

களிமண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் போட்டியில் பெரிய வீரர் யாராவது தோற்றால் போதும், ‘கோச்சை மாத்தணும்’ என்று எங்கள் வியாசர்பாடி டீக்கடையில்கூடத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உங்கள் விளையாட்டுப் பக்கமும் அதே பாட்டைப் பாட வேண்டுமா?

களிமண் தரையில் பந்து வேகம் குறைந்து உயர எழும்பும். கால் சறுக்கி நிற்கிற நேரத்தில் அடி விழ வேண்டும். அடித்துவிட்டுச் சறுக்கினால் அடுத்த பந்துக்குத் திரும்ப நேரம் இருக்காது. இது சின்ன வயதிலேயே காலில் ஏற வேண்டிய பழக்கம். ஸ்பெயின் வீரர் ரஃபேல் நடாலுக்கு அதைப் பழக்கியவர் அப்பாவின் சகோதரர் டோனி. 2016 கடைசியில் அவருக்குக் கோச்சாக வந்து சேர்ந்த கார்லோஸ் மோயா, 1998-இல் பிரெஞ்சு ஓபன் பட்டம் வென்றவர்தான். ஆனாலும் மோயா அந்தக் கால் பழக்கத்தில் கை வைக்கவில்லை. சர்வீசைக் கூர்மையாக்கி, பாயிண்ட்டைச் சீக்கிரம் முடிக்க வைத்தார். அப்புறம் 2017 முதல் 2022-க்குள் நடாலுக்கு அங்கே இன்னும் 5 பட்டங்கள்.

2025 முதல் ஆட்டத்தின் நடுவிலேயே கோச் யோசனை சொல்ல விதி இடம் தருகிறது. சரி, சொல்லட்டும். ரவுண்டுக்கு ரவுண்டு கோச் யோசனை சொல்லும் பாக்சிங் பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரனுக்கு அது புதிதல்ல. ஆனால் காலைச் சறுக்கி நிறுத்தும் பழக்கத்தை ஆட்டத்தின் நடுவில் ஓரமாக உட்கார்ந்து சொல்லித்தர முடியாது.

களிமண் தரைக்கு வீரர் எப்படிப் பழகியிருக்கிறார் என்று வாசகருக்குப் புரிய, அடுத்த சீசனில் ஸ்கோரோடு, வீரர் சர்வீசை எங்கே நின்று எதிர்கொண்டார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

- ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை