பயிற்சி நூல் பிடிஎஃப்: சனிக்கிழமை பேசலாம்

பெற்றோருக்கு வணக்கம்.

நேற்று நம் பெற்றோர் குழுவில் ஒரு பயிற்சி நூல் முழுசாக பிடிஎஃப் ஆக வந்தது. ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல்கூட ஓரத்தில் தெரிகிறது! நல்ல எண்ணம்தான், விலை கட்டுப்படியாகவில்லை என்பதும் புரிகிறது. ஆனாலும் முழு நூலைப் பரப்புவது எழுதியவரின் உழைப்பில் கைவைப்பது. பாடம் நடத்தத் தேவையான அளவு எடுத்தாள நாடுகள் அனுமதிக்கலாம் என்று பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தமே (1886) சொல்கிறது. எவ்வளவு என்பதில்தான் குழப்பம்.

1. அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.
2. பழைய புத்தகத்தைத் தாராளமாகக் கைமாற்றலாம்.
3. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப் பாடங்கள் (எழுதியவரே சில நிபந்தனைகளோடு பகிர அனுமதித்தவை) தெரிந்தால், உரிமக் குறிப்பைப் படித்துவிட்டு இணைப்பு அனுப்புங்கள்.
4. கையெழுத்து இதழில் பிள்ளைகள் வரைந்த படங்களுக்குப் பெயர் போடுங்கள். அவற்றுக்கும் பதிப்புரிமை உண்டு.

சனி (14-ம் தேதி) மாலை 6 மணிக்குக் காணொலிக் கூட்டம். வருபவர்கள் வெள்ளிக்குள் பதில் போடவும்.