பழைய அளவோடு மேக்னம் பிரைமர் வேண்டாம்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைப்பிடியைப் பிடிக்காமலே மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். மகள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள். பேரன் தவழ்ந்து எல்லாவற்றையும் பிடித்து இழுக்கிறான். அதனால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டில் மறுபடியும் வெடிமருந்தும் குண்டும் போட்டு நிரப்பும் ரீலோடிங் வேலையெல்லாம் அவன் தூங்கிய பிறகு, அறையைப் பூட்டிக்கொண்டுதான்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் சாதாரண லார்ஜ் ரைஃபிள் வகை கிடைக்கவில்லை, மேக்னம்தான் கிடைத்தது, .308 ரைஃபிள் தோட்டாவுக்கு வழக்கமாகப் போடும் அதே அளவு வெடிமருந்தோடு இதைப் போட்டுவிடட்டுமா என்று எழுதியிருக்கிறாய். அதே அளவோடு போடாதே செல்வா. மேக்னம் பிரைமரே ஆகாது என்று சொல்லவில்லை. மருந்தைக் குறைத்துக்கொண்டு, மறுபடியும் கீழேயிருந்து படிப்படியாக ஏறி வா.

கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டுக்கும் 0.210 அங்குல விட்டம். இரண்டும் ஒரே குழியில் ஒரே மாதிரி உட்காரும். வித்தியாசம் உள்ளே இருக்கும் கலவையில். மேக்னத்தில் கலவை கூடுதலாக இருக்கும், அல்லது அலுமினியம் போன்ற உலோகத் தூள் சேர்த்திருப்பார்கள். அதனால் சுடர் அதிகச் சூட்டோடு, கொஞ்சம் நீண்ட நேரம் மருந்துக்குள் பாய்கிறது. மருந்து வேகமாகப் பற்றினால் அழுத்தம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது மருந்தையும் கூட்டையும் துப்பாக்கியையும் பொறுத்தது. சில சமயம் ஒன்றுமே தெரியாது. ஆனால் உன் பழைய அளவு ஏற்கெனவே உச்சத்தை ஒட்டி நிற்கிறது; அங்கே கொஞ்சம் ஏறினாலும் ஆபத்துதான்.

ரீலோடிங் கையேட்டில் மருந்தின் அளவுக்குப் பக்கத்தில் எந்தப் பிரைமர் என்றும் போட்டிருப்பார்கள் பார். நம்மில் பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். அதுவும் அந்த அளவோடு சேர்ந்ததுதான். பிரைமரை மாற்றினால் கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்து தொடங்கு. அதற்கும் கீழே மட்டும் போகாதே. மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் மிகக் குறைவாகப் போடுவதில் வேறு ஆபத்து இருக்கிறது.

அடுத்து, வாங்கப்போகிற .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு மேக்னம் பிரைமர்தானே என்று கேட்டிருந்தாய். தோட்டாவின் பெயரை வைத்து முடிவு செய்யாதே, மருந்தைப் பார். .375 எச் அண்ட் எச் மேக்னம் 1912-லேயே வந்துவிட்டது. ஃபெடரல் 215 என்ற மேக்னம் பிரைமர் 1950-களில்தான் வந்தது, அதுவும் .378 வெதர்பிக்காக. அந்தக் கூட்டில் நூறு கிரெயினுக்கு (சுமார் ஆறரை கிராமுக்கு) மேல் மருந்து போகும். அவ்வளவையும் ஒரே சீராகப் பற்றவைக்கச் சாதாரணச் சுடர் போதவில்லை.

அளவைவிட மருந்தின் வகை இன்னும் முக்கியம் என்பது என் எண்ணம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஸ்டிக் பவுடர் பென்சில் முனையைப் பொடிப்பொடியாக நறுக்கியது போல இருக்கும். நடுவே காற்று போக இடம் இருப்பதால் சுடர் சுலபமாக உள்ளே நுழையும். பால் (ball) பவுடர் அப்படியில்லை. குட்டிக் குட்டி உருண்டைகளாக, சிலது சப்பையாக, நெருக்கமாக அடைந்திருக்கும். எரிவதைத் தாமதப்படுத்த மேலே பூச்சு வேறு. அதனால்தான் .223 போன்ற சின்னத் தோட்டாவுக்குக்கூட, பால் பவுடர் என்றால் மேக்னம் பிரைமரைச் சொல்லும் கையேடுகள் இருக்கின்றன.

போன குளிர்காலத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். நல்ல குளிர். பால் பவுடரும் சாதாரண பிரைமரும் போட்ட தோட்டாக்கள். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வேகம் மேலும் கீழுமாக அலைந்தது. ஒரு தோட்டா, ஃபயரிங் பின் பிரைமரைத் தட்டிய சத்தம் கேட்டு, ஒரு கணம் கழித்துத்தான் வெடித்தது. உனக்கு அப்படி நேர்ந்து வெடிக்காமலே நின்றால், குழலை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திரு, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் தொடாதே. பிறகு குறைந்த அளவில் தொடங்கி மேக்னம் பிரைமரோடு ஏறி வந்தேன், வேகங்கள் நெருங்கி வந்தன. ஸ்டிக் பவுடரில் அதே மாற்றத்தைச் செய்து பார்த்தபோது எனக்கு எந்த லாபமும் தெரியவில்லை.

பிராண்டும் கவனி. வின்செஸ்டரின் லார்ஜ் பிஸ்டல் பிரைமர் ஒன்றே சாதாரணத்துக்கும் மேக்னத்துக்கும் என்று விற்கப்படுகிறது; லார்ஜ் ரைஃபிளில் இரண்டும் தனித்தனி. உன் தம்பியின் செமி ஆட்டோமேட்டிக் .223-க்கு ஸ்மால் ரைஃபிள் வாங்கினால் பிரைமரின் உலோகக் கோப்பையின் தடிமனையும் பார்க்கச் சொல்: சிசிஐ நிறுவனத்தின் 400 ரகத்தில் 0.020 அங்குலம், 450 ரகத்தில் 0.025. சுதந்திரமாக ஆடும் ஃபயரிங் பின்னுக்கு மெல்லிய கோப்பை நல்லதல்ல.

சுட்ட பிறகு பிரைமரின் விளிம்பு சப்பையாகிவிட்டதா, ஃபயரிங் பின் பட்ட பள்ளத்தைச் சுற்றி உலோகம் எழும்பியிருக்கிறதா, போல்ட் தூக்கக் கனமாக இருக்கிறதா என்று பார். ஆனால் இவை தெரியும்போது அழுத்தம் ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருக்கலாம். நான் குரோனோகிராஃபைத்தான் அதிகம் நம்புகிறேன். கையேடு சொல்லும் உச்ச வேகம் வந்துவிட்டால், மருந்து எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடு.

அந்த .308-க்கு நீ போடுவது பால் பவுடரா, ஸ்டிக்கா என்று எழுதவே இல்லையே. அதையும் துப்பாக்கியின் குழல் நீளத்தையும் எழுது. என் கையேட்டில் பார்த்து எங்கே தொடங்கலாம் என்று உடனே சொல்கிறேன். அதுவரை அந்த டப்பாவைப் பிரிக்காமல் வை.

அன்புடன்,
கண்ணன்