உறுமுவது டயர்தானா?

கோத்தகிரி

அன்புள்ள மூர்த்தி,

கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று நாளாக மூடுபனி, பகலிலும் விளக்குப் போட்டுத்தான் வண்டிகள் போகின்றன. முன்னால் இரண்டு புது டயர் போட்டதிலிருந்து கார் உறுமுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறாய். சண்டைக்கு இறங்குமுன் அந்தச் சத்தம் எதைப் பொறுத்து மாறுகிறது என்று பார்.

முதலில் காற்று. மேட்டுப்பாளையத்தில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) பிடித்துக்கொண்டு ஊட்டிக்கு ஏறினால், அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கேஜ் கிட்டத்தட்ட 3 கூடுதலாகக் காட்டும். குளிர் அதில் ஒன்றிரண்டைத் தின்றுவிடும். ஆனால் டயரை ரிம்மில் உட்காரவைக்க அடித்த காற்றைக் கடையில் இறக்காமலே விட்டிருந்தால் 40-ஐத் தாண்டி நிற்கும். டயர் விறைத்து, ரோட்டின் ஒவ்வொரு அதிர்வையும் உள்ளே அனுப்பும். காலையில் வண்டியை எடுக்குமுன் அளந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவா. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்சவரம்பு, அது உனக்கான அளவு இல்லை.

பிறகு ஓட்டிப் பார். புதுத் தாரில் அடங்கி, ஜல்லி தெரியும் இடத்தில் கூடினால் அது டயர் பட்டனின், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டிகளின் சத்தம். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஓரளவு குறையும். அம்புக்குறி போட்ட டயராக இருந்தால், அம்பு வண்டி முன்னே போகும் சுழற்சிப் பக்கம் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடு.

ரோடு எப்படி இருந்தாலும் ஒரே ரீங்காரம், அதுவும் வலப்பக்கம் வளைக்கும்போது கூடுகிறது என்றால் இடப்பக்கத்து வீல் பேரிங்கை, சக்கரம் சுழல உதவும் உருளைத் தாங்கியை, சந்தேகப்படு. எடை அந்தப் பக்கம் சாய்வதால்தான் அது கத்துகிறது. பழைய டயரின் இரைச்சலுக்குள் இத்தனை நாள் ஒளிந்திருக்கும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டு. ஆட்டம் இல்லாவிட்டாலும் சக்கரத்துக்கு மேலுள்ள ஸ்பிரிங்கில் ஒரு கை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் கரகரப்பு விரலில் தெரியும்.

பின்டயர்களையும் விடாதே. பட்டன் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் ஓட்டிப் பார். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம் மாதிரி தட்டினால், உறுமுவது அந்தப் பழசுகள்தான்.

வேகத்தோடு ஏறும் 'டக் டக்' மட்டும் காத்திருக்காது. உடனே ஓரம் கட்டி வீல் நட்டுகளைப் பார். எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கவேண்டும், 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை. நட்டு இறுக்கமாக இருந்தால் பட்டனில் சிக்கிய கல்லாக இருக்கலாம். கீச்சென்று உரசினால், சக்கரத்தைக் கழற்றியபோது டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள மெல்லிய தகடு வளைந்திருக்கும். விரலால் நிமிர்த்தினால் போதும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் உரசினால், டயர் அளவு பெரிதா என்று பழைய எண்ணோடு ஒப்பிடு.

பேலன்சிங் குறை, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் நன்றாகத் தெரியும். மலையில் அந்த வேகம் ஏது? மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டிச் சமவெளியில் போகும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று கவனி.

வலம், இடம் வளைத்துப் பார்த்ததில் எந்தப் பக்கம் கூடுகிறது என்று மட்டும் எழுது.

அன்புடன்,
ராஜு