பெரியப்பா, இரண்டு படகும் பார்த்தாயிற்று

ஸ்காபரோ,
புரட்டாதி மாதம்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். பெரியம்மாவின் முழங்கால் நோ இப்ப எப்பிடி என்று எழுதுங்கோ. போனில் பழைய பாய்ப்படகு ஒன்று வாங்கப்போறன் என்றவுடனே "உனக்கென்ன விசரோ" என்று கேட்டீர்கள். அதைப் போனில் விளங்கப்படுத்த ஏலாது, அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

இஞ்சை பாய்ப்படகு பணக்காரர் சாமான் மட்டுமில்லை. ஒன்ராறியோ ஏரிக்கரை முழுக்க நாற்பது வருசத்துப் பைபர்கிளாஸ் படகுகள் பாவித்த கார் விலைக்குக் கிடக்கு. ஏரித் தண்ணீரில் உப்பில்லை, வருசத்தில் பாதி படகு கரையில்தான் நிற்கும், அதாலை பழசானாலும் உடம்பு கெடாது. காசைத் தின்கிறது படகில்லை, அதைக் கட்டிவைக்கிற இடம். ஐப்பசியில் கிரேனால் தூக்கிக் கரையில் ஏற்றவேணும். என்ஜினுக்குள் தண்ணீர் உறைந்தால் இரும்பே வெடிக்கும், அதுக்கு உறையாத திரவம் ஓடவிடுவார்கள். சித்திரை, வைகாசியில்தான் திரும்ப இறக்குவது. கக்கூசுத் தண்ணீரைக்கூட ஏரியில் விட ஏலாது, தொட்டியில் சேர்த்துக் கொண்டுவந்து கரையில் உறிஞ்சக் கொடுக்கவேணும். உங்கடை சிரிப்பு இஞ்சை கேட்குது.

நான் பார்த்த இரண்டும் 30 அடிப் படகு, இரண்டும் இந்த மாகாணத்திலேயே கட்டினது. ஒற்றுமை அதோடை சரி.

ஒன்று ஆல்பேர்க் 30. கார்ல் ஆல்பேர்க் வரைந்தது, 1960களின் தொடக்கத்திலிருந்து விற்பி படகுப் பட்டறையில் கட்டினார்கள். கண்டவுடனே உங்களுக்குப் பிடிக்கும். அகலம் 8 அடி 9 அங்குலந்தான். அணியமும் பின்பக்கமும் தண்ணீருக்கு மேலே நீண்டு நிற்கும். அடியிலை இருக்கிற ஏராவும் எங்கடை பழைய வள்ளங்களின்ரை மாதிரி நீளமாக ஓடுது, சுக்கான் அதன் பின்விளிம்பிலேயே பூட்டியிருக்கு. மொத்த எடை 9,000 இறாத்தல், அதில் 3,300 இறாத்தல் அடியில் வைத்த இரும்பு. அதையும் பைபர்கிளாஸுக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்கள், போல்ட் கழரும் என்ற பயமில்லை. இந்த இனப் படகில்தான் கியூபெக்கைச் சேர்ந்த இவ் ஜெலினா 1981இல் பிரான்சிலிருந்து தனி ஆளாக வெளிக்கிட்டு, வழியில் பாய்மரம் முறிந்து, அதைத் திருத்திக்கொண்டு உலகத்தைச் சுற்றி 1983இல் கியூபெக் வந்து சேர்ந்தார்.

மற்றது சி.எஸ். 30, கனேடியன் செயில்கிராஃப்ட் கம்பனியின்ரை படகு. பிராம்ப்டனில் 1980களில் கட்டினது, ரோனி காஸ்ட்ரோ வரைந்தது. அகலம் 10 அடிக்கு மேலே, எடை ஆயிரம் இறாத்தல் குறைவு. ஏரா குட்டை, ஆனால் ஆழம்: தண்ணீருக்குள் ஐந்தரை அடி இறங்கும். எங்கடை கசூரினாக் கடற்கரைப் பக்கம் கொண்டுவந்தால் கரை கண்ணில் படமுதலே தரை தட்டிவிடும்! சுக்கான் தனியாகத் தொங்குது.

இரண்டையும் ஓட்டியும் பார்த்தனான். இந்த ஏரியின் அலை நீளமில்லை, கிட்டக் கிட்ட எழும்பிச் செங்குத்தாக வந்து அறையும். அதில் ஆல்பேர்க் முதற் காற்றுக்கே ஒரு பக்கம் சரியும், பயந்துபோவீர்கள். சரிந்த பிறகு அப்படியே உறைத்து நின்று அலையை வெட்டிக்கொண்டு போகும். சி.எஸ். லேசில் சரியாது, காற்றுக்கு எதிரே நெருங்கி ஏறும், சுக்கானைத் தொட்டவுடனே திரும்பும். துறைமுகத்துக்குள் பின்னுக்கு எடுக்கும்போதுதான் வித்தியாசம் வெளிக்கிடும். ஆல்பேர்க் தன் இஷ்டத்துக்குப் போகும், நாங்கள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கும்பிட வேண்டியதுதான். உங்கடை மருமகள் ஆல்பேர்க்குக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளை ஒராள் தேத்தண்ணி ஊத்தினால் மற்றாள் வெளியிலை நிக்கோணும்" என்று சொல்லி ஏறிவிட்டா.

இனி நீங்கள் கேட்கப்போகிற கேள்வி, உடம்பு எப்படி? சீநோர் படகுத் தொழிற்சாலையில் புதுப் படகு இறக்கமுதல் நீங்கள் உளிப்பிடியால் தட்டித் தட்டிக் காத்துக் குமிழ் தேடுவீர்களே, அதே வேலையை ஸ்குறூட்ரைவர் பிடியால் செய்தனான். இந்தப் படகுகளின் மேல்தட்டு இரண்டு பைபர்கிளாஸ் தோலுக்கு நடுவிலே பல்சா மரம் வைத்துச் செய்தது. போல்ட் ஓட்டையால் தண்ணீர் இறங்கினால் அந்த மரம் உக்கிவிடும். சி.எஸ்.ஸில் எல்லா இடமும் 'டக், டக்' என்றுதான் கேட்டது. இடப்பக்கக் கைப்பிடிக் கம்பியின் அடியில் மட்டும் இரண்டு சாண் அளவுக்கு 'தொப்' என்றது. போல்டைக் கழற்ற விட்டார்கள், ஓட்டைக்குள் விரலை விட்டால் நனைஞ்ச தவிடு. ஆல்பேர்க்கின் தட்டு நல்லாய்த்தான் இருந்தது, ஆனால் கக்கூசுக் கதவு மூடவில்லை. ஏனென்று குனிந்து பார்த்தேன். அதில் பாய்மரம் தட்டுக்கு மேலே நிற்கிறது, கீழே ஒரு குறுக்குவளைதான் முழுப் பாரத்தையும் தாங்குது. அது தாழ்ந்து கதவு நிலையை அமத்திவிட்டது. அதைத் திருத்தப் பாய்மரத்தையே இறக்கவேணும்.

உலகம் சுற்றப் போறவனுக்கு ஆல்பேர்க்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் போறது சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டு நயாகரா ஆற்று வாயில் நங்கூரம் போட்டு, ஞாயிறு பின்னேரம் திரும்ப, திங்கள் வேலைக்கு. பிள்ளைகள் படுக்கப் பின்னறை ஒன்று வேணும். அதாலை மனம் சி.எஸ். பக்கம்தான். ஒரு குறை இருக்கு: அதில் படகைத் தள்ளுகிற விசிறி, படகின் அடியைத் துளைத்து இறங்கும் காலில் நிற்குது. அந்தத் துளையை மூடியிருக்கிற றப்பர் வளையத்தைச் சில வருசத்துக்கொருக்கா மாற்றவேணும். கடைசியாக எப்ப மாற்றினது என்று கேட்டால் விற்கிறவர் வானத்தைப் பார்க்கிறார். அந்தச் செலவையும் உக்கின தட்டையும் சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கிறன். கிரேனுக்கும் குளிர்காலத் தரிப்புக்கும் காசு கட்டமுதல் தள்ளிவிடத்தான் அவரும் நிற்கிறார்.

தட்டை நானே திருத்தலாம் என்று நினைக்கிறேன். மேல்தோலை வெட்டி எடுத்து, உக்கினதைச் சுரண்டிக் காயவைத்து, புதுப் பல்சா வைத்துத் திரும்ப மூடுவது. பழைய கிளாஸுக்கு மேலே பொலியெஸ்ரர் றெசின் பிடிக்காது, எப்பொக்ஸிதான் வேணும் என்று இஞ்சை ஒருத்தர் அடிச்சுச் சொல்லுகிறார். விலை மூன்று மடங்கு. உங்கடை அனுபவம் என்ன சொல்லுது? வெட்டுவாயை எவ்வளவு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கவேணும்? பதில் எழுத நேரமில்லையென்றால் தம்பியின் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலும் காணும். ஐப்பசி பிறக்கமுதல் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்