நோபிதா நல்லவன்

அன்பு நண்பா,

நலமா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். நீ கொடுத்தனுப்பிய முருங்கைப் போத்து துளிர்விட்டுவிட்டது.

போன மாதம் சின்னவன் கணக்கில் நூற்றுக்கு 18 வாங்கினான். விடைத்தாளை நாலாக மடித்துத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்திருந்தான். கோபத்தில், “நீ என்ன நோபிதாவாடா?” என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டே, “நோபிதா நல்லவன்ப்பா” என்றான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நோபிதா வருகிற டோரேமான் கார்ட்டூன் பார்க்கிறேன்.

பள்ளிக்குத் தினமும் தாமதம், பரீட்சையில் முட்டை, முரட்டுப் பையன் ஜியானிடம் அடி, இதுதான் நோபிதா. படுத்தால் 0.93 விநாடியில் தூங்கிவிடுவான். இவனைத் தேற்றுவதற்காக எதிர்காலத்திலிருந்து எள்ளுப்பேரன் டோரேமான் என்கிற பூனை ரோபோவையே அனுப்பிவைக்கிறான். ஆனால் குறி பார்த்துச் சுடுவதில் நோபிதாவை அடிக்க ஆளில்லை. விரல்களில் நூலைக் கோத்து உருவம் போடுவதிலும் கெட்டிக்காரன். அதைப் பார்த்துச் சின்னவனும் பூக்கட்டும் நூலோடு உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையிலும் மாட்டி, நடுவிரலால் இழுத்து, ஒரு கையின் பெருவிரலையும் சுண்டுவிரலையும் சட்டென்று விடுவித்தால் விளக்குமாறு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்கணும், அத்தனை நிதானம். கணக்கு நோட்டின் முன்னால் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

1969 கடைசியில் இந்தக் கதையை வரையத் தொடங்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ, நோபிதா வேறு யாருமில்லை, நான்தான் என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்தப் பையனை எங்கேயும் கைவிடவில்லை என்று நினைக்கிறேன். ‘நோபி நோபி’ என்றால் ஜப்பானிய மொழியில் கட்டுப்பாடில்லாமல், இயல்பாக என்று பொருளாம். என்ன அழகான பெயர்!

ஒரு கதையில் நோபிதாவும் டோரேமானும் எதிர்காலத்துக்குப் போய், நோபிதாவைக் கட்டிக்கொள்ளப்போகும் தோழி ஷிசுகாவின் கல்யாணத்துக்கு முந்தைய இரவை மறைந்திருந்து பார்க்கிறார்கள். அப்பாவைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் அவள் கலங்குகிறாள். நீ நோபிதாவைத் தேர்ந்தெடுத்தது சரிதான் என்கிறார் அப்பா. பிறர் நன்றாயிருக்க வேண்டும் என்று நினைக்கவும், பிறர் துன்பத்துக்காக வருந்தவும் தெரிந்தவன், மனிதனுக்கு அதுதானே முக்கியம் என்கிறார். அவனுடைய மார்க்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. எட்டாம் வகுப்பில் உன்னை எழுப்பி நிறுத்தி, உருப்படமாட்டாய் என்று வாத்தியார் சொன்னார். அதே வருஷம் எனக்குக் கை முறிந்தபோது இரண்டு மாதம் என் பையையும் சேர்த்துச் சுமந்தவன் நீ. சாப்பாட்டு டப்பாவைக்கூட நீதான் திறந்துவைப்பாய். இதை உன்னிடம் இத்தனை வருஷமாகச் சொன்னதே இல்லை.

இப்போது ராத்திரியில் சின்னவனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். மெதுவாகத்தான் ஏறுகிறது, பரவாயில்லை. பொங்கலுக்குக் கட்டாயம் வா. மாமாவுக்கு நூல் விளக்குமாறு போட்டுக் காட்டணுமாம், நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்